கைநாட்டும் கைப்பழக்கமும்

நமது சங்கங்களைத் தணிக்கை செய்யச் செல்லும்பொழுது, சுகாதாரப் பிரசாரக் கூட்டம் நடந்தேறியதாகவும் அங்கத்தினர் திரளாக வந்ததாகவும் நடவடிக்கைப் புத்தகத்தில் அடிக்கடி காண்கிறேன். அத்தகைய குறிப்பொன்றைப் படித்த அன்று மாலையே, நெசவாளர் தெருவில் ஒரு தாயாரிடம், பேதி கண்ட குழந்தைக்கு என்ன கொடுப்பீர்கள் என வினவினேன். "தண்ணீரை நிறுத்திவிடுவோம், ஐயா; குடித்தால் இன்னும் போகும்" என்றார். அவரும் கூட்டத்திற்கு வந்தவரே. புத்தகத்தில் கைநாட்டு இருக்கிறது.

பேதி கண்ட குழந்தையின் உயிரைப் பெரும்பாலும் பறிப்பது, உடல் நீரையும் உப்பையும் இழப்பதே. அதனை வீட்டிலேயே ஈடுசெய்யலாம். வங்காளதேசத்தில் பிராக் என்னும் ஸ்தாபனம் 1980 முதல் 1990 வரை, ஏறத்தாழ 1 கோடி 20 லட்சம் வீடுகளுக்குப் பெண் ஊழியர்களை அனுப்பி இதனைக் கற்பித்தது. மூன்று விரற்சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் நீர். எழுத்தறியாத தாயும் தன் கையாலேயே கலந்து காட்ட வேண்டும்.

இன்ஸ்பெக்டராகிய என்னைக் கவர்ந்தது அவர்களுடைய சம்பள முறையேயாகும். சில வாரங்கள் கழித்து வேறொருவர் சில வீடுகளுக்குச் சென்று, தாய்மாரைக் கேட்டுப் பார்ப்பார். அவர்கள் நினைவில் வைத்திருந்த அளவுக்கே ஊழியருக்கு ஊதியம்! ஆரம்பத்தில், கற்றவர்களிலும் பலர் கரைசலை உபயோகிக்கவில்லை. விசாரித்ததில், கற்பித்தவர்களுக்கே அதில் பூரண நம்பிக்கையில்லை என்பதும், ஆடவர்களை ஒதுக்கியது தவறென்பதும் புலப்பட்டன. இரண்டையும் திருத்திக்கொண்டனர்.

இது டாக்டரின் வேலையன்றோ என்பர் சிலர். மலத்தில் இரத்தம் கண்டாலும், குழந்தை குடிக்க மாட்டாமல் சோர்ந்தாலும், ஆஸ்பத்திரிக்கே விரைய வேண்டும், அதில் ஐயமில்லை. ஆயினும் பஸ் வரும்வரை அக்குழந்தைக்குத் தாயே டாக்டர். இன்று சுகாதார நிலையங்களில் உப்புக்கரைசல் பொட்டலம் கிடைக்கிறது. அது கைவசமில்லாதபோது, 1 லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில், தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்கலாம். உப்பு மிகுந்தால் ஆபத்து. ஆதலின் அளவைக் காதால் கேட்டால் போதாது, கை பழக வேண்டும்.

பாவுக்கு இழை எண்ணத் தெரிந்த கைகளுக்கு, விதைக்கு அளவறிந்த கைகளுக்கு, இது அரிதாகுமா? சொற்பொழிவாளருக்கு மாலையும் சிற்றுண்டியும் வாங்கும் செலவில், ஒரு தெருவுக்கு இருவரைப் பழக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

அடுத்த தணிக்கையின்போது, நடவடிக்கைப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன் பத்து வீடுகளுக்குச் சென்று, கரைசலைச் செய்து காட்டுமாறு கேட்கவிருக்கிறேன். காரியதரிசிகள் இதனை முன்னறிவிப்பாகக் கொள்ளலாம்.