ஓட்டுப் போட்டவர்களிடமே விட்டுவிடுங்கள்

2008 செப்டம்பர் 9 அன்று தாய்லாந்துப் பிரதமர் சமக் சுந்தரவேஜ் பதவி இழந்தார். தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சி நடத்தி அதற்குப் பணம் வாங்கிக்கொண்டார் என்பது அவர்மீது இருந்த வழக்கு. அமைச்சராக இருப்பவர் தனியாரிடம் வேலை பார்க்கக் கூடாது என்பது சட்டம். 'வேலை பார்ப்பவர்' என்றால் யார் என்று அகராதியைப் புரட்டிப் பார்த்து அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அடுத்து வந்த சோம்சாய் வோங்சவாட் மூன்று மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. டிசம்பர் 2 அன்று அவருடைய கட்சியையே நீதிமன்றம் கலைத்தது. பதவியும் அதோடு போனது. 2014 மே மாதம் யிங்லக் ஷினவத்ரா. 2024 ஆகஸ்ட்டில் ஸ்ரெத்தா தாவிசின். 2025 ஆகஸ்ட் 29 அன்று பேடோங்டார்ன் ஷினவத்ரா. 17 ஆண்டுகளில் ஐந்து பிரதமர்களை நீதிமன்றம் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது. 2006-இலும் 2014-இலும் ராணுவமே நேராக ஆட்சியைப் பிடித்தது.

தாய்லாந்து மக்கள் இதையெல்லாம் ஒரே கண்ணால் பார்க்கவில்லை. ஷினவத்ரா குடும்பம் நாட்டைச் சொந்தக் கம்பெனியாக்கிவிட்டது, இலவசங்களைக் காட்டி ஓட்டு வாங்கியது, கஜானாவைக் காலி செய்தது என்று பாங்காக்கின் நடுத்தர வர்க்கத்தில் கணிசமானோர் நம்புகிறார்கள். வடகிழக்கே இசான் பகுதியின் விவசாயியைக் கேட்டால் கதை வேறு. 2001-இல் பிரதமராக இருந்த தக்சின் ஷினவத்ரா கொண்டுவந்த 30 பாட் மருத்துவத் திட்டத்தில்தான் வீட்டை அடமானம் வைக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக முடிந்தது என்பார் அவர். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. யிங்லக் அரசு ஒரு டன் நெல்லை 15,000 பாட் கொடுத்துச் சந்தை விலையைவிட மிக அதிகமாக வாங்கியது. உலகச் சந்தையில் விலை ஏறும், அப்போது விற்றுக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டது. விலை ஏறவில்லை, அரிசி கிடங்குகளிலேயே தங்கிப்போனது. கொள்கையில் அது பெரிய தவறு, சந்தேகமில்லை.

அந்தத் தவறுக்கு யார் தண்டனை தருவது என்பதில்தான் அந்த நாடு வழுக்கி விழுந்தது. 2014 பிப்ரவரி 2 அன்று தேர்தல் நடந்தது. எதிர்க்கட்சி அதைப் புறக்கணித்தது. போராட்டக்காரர்கள் பல வாக்குச்சாவடிகளை மறித்தார்கள். ஒரே நாளில் நாடு முழுவதும் வாக்குப்பதிவு நடக்கவில்லை என்று சொல்லி மார்ச்சில் நீதிமன்றம் தேர்தலையே செல்லாததாக்கியது. மே 22 அன்று தளபதி பிரயுத் சான்-ஓச்சா ஆட்சியைப் பிடித்தார். 2017-இல் நெல் கொள்முதல் வழக்கில் யிங்லக்குக்கு ஐந்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டபோது அவர் நாட்டில் இல்லை. வாக்காளன் தீர்ப்புச் சொல்ல வேண்டிய ஒரு கொள்கைப் பிழை கிரிமினல் வழக்காகிவிட்டது.

2023-இல் நடந்தது இன்னும் வெளிப்படை. மே 14 தேர்தலில் 500 இடங்களில் 151 பிடித்து, பீட்டா லிம்ஜாரோன்ரத் தலைமையிலான மூவ் ஃபார்வர்ட் கட்சி முதலிடம் வந்தது. பிரதமராக 375 வாக்குகள் வேண்டியிருந்தன. அவருக்குக் கிடைத்தது 324. ராணுவ ஆட்சி நியமித்த செனட்டர்களுக்கும் அந்த வாக்கெடுப்பில் ஓட்டு இருந்தது. அவர்களில் 13 பேர்தான் அவரை ஆதரித்தார்கள். மறு ஆண்டு ஆகஸ்ட் 7 அன்று அந்தக் கட்சியே கலைக்கப்பட்டது. அரச குடும்பத்தை அவமதித்தால் 15 ஆண்டுவரை சிறை என்கிற 112-ஆம் பிரிவைத் திருத்துவோம் என்று தேர்தல் பிரசாரத்தில் சொன்னது குற்றமாகிவிட்டது.

திருவனந்தபுரத்தில் உட்கார்ந்து இதை எழுதக் காரணம் இருக்கிறது. ஓட்டுப் போட்டவர்களைக் கேட்காமல் ஆட்சி கலைக்கப்பட்டதைக் கேரளமும் பார்த்திருக்கிறது. மகாத்மா காந்தி சாலையில், மாதவராவ் சிலைக்கு எதிரே நிற்கும் தலைமைச் செயலகத்தின் வெள்ளைக் கட்டடத்தில் 1869 முதல் அரசாங்கம் நடக்கிறது. 1957 ஏப்ரல் 5 அன்று இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் கேரள முதலமைச்சராக அங்கே நுழைந்தார். மொத்தம் 126 இடங்கள். கம்யூனிஸ்ட் கட்சிக்கு 60, ஆதரவு சுயேச்சைகள் 5. ஒரு வாரம் ஆவதற்குள் குடியானவர்களை நிலத்திலிருந்து வெளியேற்றுவதற்குத் தடை வந்தது. 28 மாதம் நிறைவதற்குள், 1959 ஜூலை 31 அன்று, ஆட்சி கலைக்கப்பட்டது. பெரும்பான்மை ஒரு நாளும் போகவில்லை. சட்டசபையில் தோற்கவில்லை. சாசனத்தின் 356-ஆவது பிரிவில் டெல்லி போட்ட ஒரு கையெழுத்தில் முடிந்தது.

எதிர்த்தவர்களிடம் நியாயமே இல்லை என்று நாங்கள் சொல்லமாட்டோம். கல்வி அமைச்சர் ஜோசப் முண்டசேரியின் கல்வி மசோதா தனியார் பள்ளி மேலாளர்களின் அதிகாரத்தில் கைவைத்தது. ஆசிரியருக்கு அரசு சம்பளம் தருகிறதென்றால் நியமனத்தில் அரசுக்கும் சொல் இருக்க வேண்டும் என்பது ஒரு வாதம். சிறுபான்மையினர் தங்கள் பள்ளிகளைத் தாங்களே நடத்தும் உரிமை சாசனத்தின் 30-ஆவது பிரிவில் இருக்கிறது என்பது மறு வாதம். மசோதா குடியரசுத் தலைவருக்குப் போனது, அவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார், 1958 மே மாதம் நீதிமன்றம் சில பிரிவுகள் செல்லாது என்றது, அரசு திருத்தியது, 1959 பிப்ரவரியில் ஒப்புதல் வந்தது. கருத்து வேறுபாட்டைத் தீர்க்கும் முறை இப்படித்தான் இருக்க வேண்டும். சட்டம் சாசனத்துக்குள் அடங்குகிறதா என்று உரசிப் பார்ப்பது நீதிமன்றத்தின் வேலை. ஆட்சியில் யார் இருக்கலாம் என்று தீர்மானிப்பது அதன் வேலையில்லை.

ஆனால் எதிர்ப்பு அங்கே நிற்கவில்லை. கத்தோலிக்க சபையும், மன்னத்து பத்மநாபனின் நாயர் சர்வீஸ் சொசைட்டியும், காங்கிரசும் கைகோத்து 'விமோசன சமரம்' (விடுதலைப் போராட்டம்) என்று தெருவில் இறங்கின. அரசும் துப்பாக்கியை எடுத்தது. 1959 ஜூன் 13 அன்று அங்கமாலியில் ஏழு பேர் செத்தார்கள். இந்த ஊரின் கடற்கரையில், செறியதுறையில், ஒரு கர்ப்பிணி மீனவப் பெண் போலீஸ் குண்டுக்குப் பலியானார்.  தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு என்பதால் அந்த ரத்தம் கழுவப்பட்டுவிடாது. இ.எம்.எஸ். ஆட்சியை நினைவுகூர்கிறவர்கள் செறியதுறையையும் சேர்த்தே நினைவுகூர வேண்டும்.

அந்தக் கோபத்தை அடுத்த தேர்தல்வரை கொண்டுபோயிருந்தால் ஜனநாயகத்துக்கு நல்லதாக இருந்திருக்கும். அதற்குப் பதில் டெல்லியைக் கூப்பிட்டார்கள். பலன் என்ன? 1960 பிப்ரவரி தேர்தலில் கூட்டணி கட்டிக் காங்கிரஸ் தரப்பு ஜெயித்தது. கம்யூனிஸ்டுகளின் இடங்கள் 29-ஆகச் சரிந்தன, வாக்கு விகிதமோ ஏறியது. பட்டம் தாணு பிள்ளை முதலமைச்சரானார். 1962-இல் அவரைப் பஞ்சாபுக்கு ஆளுநராக அனுப்பினார்கள். ஆர். சங்கர் வந்தார், 1964-இல் அவரும் விழுந்தார். 1965 மார்ச்சில் 133 எம்.எல்.ஏ.க்களைக் கேரளம் தேர்ந்தெடுத்தது. யாருக்கும் பெரும்பான்மை இல்லை என்று அந்த அவை ஒரு நாள்கூடக் கூட்டப்படாமலேயே கலைக்கப்பட்டது. வெயிலில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டவனுக்கு அதைவிடப் பெரிய அவமானம் இருக்க முடியாது. 1967 வரை குடியரசுத் தலைவர் ஆட்சி. 1959 ஜூனில் சட்டசபை நிறைவேற்றிய நில உறவு மசோதாவின் நோக்கம் முழு உருவம் பெற்று நடைமுறைக்கு வந்தது 1970 ஜனவரி 1 அன்றுதான். அடுத்தவன் மண்ணில் கூரை போட்டுக் குடியிருந்த கூலிக்காரன் தன் பத்து சென்டுக்காகப் பத்தாண்டு கூடுதலாகக் காத்திருந்தான். அந்தக் கையெழுத்துக்கு விலை கொடுத்தவன் அவன்.

தமிழ் வாசகர்களுக்கு இதில் புதிது ஒன்றுமில்லை. 1976 ஜனவரி 31, 1991 ஜனவரி 30 என இரண்டு முறை கலைஞரின் ஆட்சி கலைக்கப்பட்டதைக் கண்டவர்கள் நாம். இரண்டாம் முறை, கலைக்கச் சொல்லி அறிக்கை அனுப்ப ஆளுநர் பர்னாலா மறுத்தார். அறிக்கை இல்லாமலே கலைத்தார்கள். 1977-இல் ஜனதா ஒன்பது மாநில அரசுகளைக் கலைத்தது, 1980-இல் இந்திரா காந்தி ஒன்பதைக் கலைத்தார். கை சுத்தமான கட்சி என்று இதில் யாரையும் காட்டுவது கஷ்டம். 1994-இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் கடிவாளம் போட்டது. பெரும்பான்மை இருக்கிறதா என்பதைச் சட்டசபையில்தான் சோதிக்க வேண்டும், ஆளுநர் மாளிகையில் வைத்து அல்ல என்றது. அதன்பின் கலைப்பு அரிதானது.

கலைப்பு போன இடத்தில் கிடப்பு வந்து உட்கார்ந்தது. கவடியாறில் ஆளுநர் மாளிகைக்குப் போன கேரள மசோதாக்களில் சில இரண்டு ஆண்டுவரை அங்கேயே கிடந்தன. மாநில அரசு உச்ச நீதிமன்றப் படியேறிய பிறகு, 2023 நவம்பரில், ஆளுநர் ஆரிஃப் முகமது கான் ஏழு மசோதாக்களைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். இரண்டு ஆண்டாக என்ன செய்துகொண்டிருந்தார் என்று நீதிமன்றமே கேட்டது. 2024 ஜனவரி 25 அன்று அதே ஆளுநர் சட்டசபைக்கு வந்து, அமைச்சரவை தயாரித்த கொள்கை உரையின் கடைசிப் பத்தியை மட்டும் வாசித்துவிட்டுப் போனார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அது ஆளுநரின் சொந்த உரை அல்ல. மக்கள் தேர்ந்தெடுத்த அரசு அடுத்த ஓராண்டு என்ன செய்யப்போகிறது என்று அவைக்குச் சொல்லும் உரை.

மறு தரப்பின் வாதத்தையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். பல்கலைக்கழகங்களைக் கட்சி அலுவலகமாக்குகிறார்கள், ஆளுநர் தடுக்காவிட்டால் யார் தடுப்பது என்கிறார்கள். குற்றச்சாட்டு வெறும் காற்றில் வந்ததல்ல. கேரளத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமனத்தை 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே ரத்து செய்தது. ஆனால் பாருங்கள், அங்கே தடுத்தது வழக்கு. விசாரணை நடந்தது, காரணம் சொல்லித் தீர்ப்பு வந்தது. ஆளுநருக்கும் அப்படியொரு வழி சாசனத்தில் இருக்கிறது. மசோதா பிடிக்கவில்லையா, காரணத்தை எழுதி அவைக்குத் திருப்பி அனுப்பலாம். காரணம் எழுதினால் விவாதிக்கலாம், மறுக்கலாம், ஏற்றுக்கொண்டு திருத்தலாம். பேசாமல் மேசையில் வைத்திருப்பவரிடம் எதை விவாதிப்பது?

2025 ஏப்ரல் 8 அன்று தமிழ்நாடு வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு ஆளுநருக்குக் கெடு விதித்தபோது சென்னையில் இருந்த மகிழ்ச்சி இங்கேயும் இருந்தது. நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, அப்படிக் கெடு விதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று கருத்துச் சொல்லிவிட்டது. காரணமில்லாமல் நெடுங்காலம் இழுத்தடித்தால் மட்டும் ஓர் எல்லைக்குள் தலையிடலாம் என்றது. அந்தக் கருத்தோடு நாங்கள் முழுதும் உடன்படவில்லை. ஆனால் பந்து இப்போது நாடாளுமன்றத்தில் இருக்கிறது. மசோதாமீது ஆளுநர் ஆறு மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று பூஞ்சி ஆணையம் 2010-இலேயே பரிந்துரைத்தது. அதைச் சாசனத்தின் 200-ஆவது பிரிவில் எழுதுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

2025-இல் கேரளத்தை ஆண்ட இடது முன்னணிக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. ஓட்டு வாங்கிவிட்டோம், ஐந்தாண்டுக்கு யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்கிற மிதப்பும் அரண்மனைக் குணம்தான். 2025 பிப்ரவரி 10 முதல் தலைமைச் செயலகத்தின் முன்னால் ஆஷா பணியாளர்கள் உட்கார்ந்தார்கள். வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் கணக்கெடுத்து மருந்து கொடுக்கும் பெண்கள். மாதம் 7,000 ரூபாய் மதிப்பூதியத்தை 21,000 ஆக்குங்கள், ஓய்வு பெறும்போது ஐந்து லட்சம் கொடுங்கள் என்று கேட்டார்கள். மழைக்குக் கட்டியிருந்த தார்ப்பாயைப் போலீஸ் இரவில் அவிழ்த்தெடுத்தது. 50-ஆவது நாள், நடுச்சாலையில் தலைமுடியை வெட்டினார்கள், சிலர் மொட்டையடித்துக்கொண்டார்கள். நறுக்கிய கூந்தலைக் கையில் பிடித்துக்கொண்டு அழுத முகங்களை இந்த ஊர் மறக்காது. கிடைத்தது கடைசியில் 1,000 ரூபாய் உயர்வு. 266 நாளில் பந்தலைப் பிரித்துக்கொண்டு, போராட்டத்தை மாவட்டங்களுக்குக் கொண்டுபோகிறோம் என்று கிளம்பினார்கள். தொழிலாளர் பெயரில் ஆட்சிக்கு வந்தவர்கள் அவர்களை இன்னும் முன்பே உட்காரவைத்துப் பேசியிருக்க வேண்டும்.

அந்தப் பெண்களின் கோரிக்கைப் பட்டியலில் ஆட்சியைக் கலைக்கச் சொல்லும் வரி ஒன்றும் இருந்ததில்லை. பாங்காக்கில் 2008 நவம்பரில் சுவர்ணபூமி விமான நிலையத்தைப் பிடித்து வைத்திருந்த, ஷினவத்ரா தரப்பை எதிர்த்த மஞ்சள் சட்டைக்காரர்களுக்கும் இவர்களுக்கும் உள்ள வித்தியாசம் அது. அவர்கள் தேர்தலில் தோற்றதை வேறு வாசல் வழியே வாங்கப் பார்த்தார்கள். இவர்கள் கேட்டதெல்லாம் தங்கள் கூலி. தெருவில் உட்காரும் உரிமை ஜனநாயகத்தின் உயிர். அதை எந்த அரசும் பறிக்கக் கூடாது. தெருவில் உட்கார்ந்துகொண்டு ராணுவத்தையோ ஆளுநரையோ டெல்லியையோ கூப்பிடுவது வேறு சமாச்சாரம்.

கவடியாறில் 2025 டிசம்பரில் ராஜ்பவன் என்ற பெயரை லோக்பவன் என்று மாற்றினார்கள். பெயர் எதுவானாலும், எதிர்க்கட்சி வரிசையில் இருக்கும்போது அந்த வாசலுக்குப் போய் மசோதாவுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள் என்று மனுக் கொடுக்கும் வழக்கத்தைக் கட்சிகள் விட வேண்டும். இன்று எதிர்க்கட்சி, நாளை ஆளுங்கட்சி என்று மாறி மாறி உட்கார்ந்து பழகிய மாநிலம் கேரளம். ஆட்சியைக் கலைக்கச் சொல்ல மாட்டோம், மசோதாவைக் கிடப்பில் போடச் சொல்ல மாட்டோம், ஆளுநருக்கு ஆறு மாதக் கெடு வைக்கும் திருத்தத்தை நாடாளுமன்றத்தில் ஆதரிப்போம் என்று இடது முன்னணி, ஐக்கிய முன்னணி, பாரதிய ஜனதா மூன்று தரப்பும் தங்கள் தேர்தல் அறிக்கையில் எழுதித் தரட்டும். எழுதித் தராத கட்சியிடம், ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வரும்போது, ஏன் எழுதவில்லை என்று வாக்காளர் கேட்கட்டும்.