'இயற்கை' என்னும் முத்திரை

மருந்துக் கடைகளின் கண்ணாடி அலமாரியும் கைப்பேசி விளம்பரங்களும் அண்மைக் காலமாக ஒரு புதிய வாடிக்கையாளரைக் குறிவைக்கின்றன. நாற்பத்தைந்து வயதைக் கடந்த பெண்தான் அவர். மாதவிடாய் நிற்கும் காலத்து உடல் அனல், இரவு வியர்வை, உறக்கமின்மை ஆகியவற்றுக்குப் பொடியும் மாத்திரையும் மூலிகைத் தேநீரும் 'முழுவதும் இயற்கையானது' என்ற முத்திரையுடன் விற்கப்படுகின்றன.

நானும் ஒரு காலத்தில் இச்சந்தையின் நுகர்வோர்தான். வகுப்பில் தேவைக் கோட்டை வரைந்துகொண்டிருக்கும்போதே மார்பிலிருந்து முகம்வரை அனல் ஏறும். கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்வேன். சோயா மாத்திரைகளை எட்டு மாதங்கள் விழுங்கினேன்; அனல் குறைந்தது போலத்தான் இருந்தது. மாத்திரையால் குறைந்ததா, தானாகவே குறைந்ததா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. புள்ளியியலும் கற்பித்தவள் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

ஹார்மோன் மருந்துகளைச் சோதித்த ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த 2004-ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வில், மருந்தே இல்லாத வெற்று மாத்திரையை உட்கொண்ட பெண்களிடமும் அனல் அலைகள் பாதிக்கு மேல் குறைந்திருந்தன. காலமும் நம்பிக்கையும் செய்யும் வேலைக்கு நாம் விலை கொடுத்துக்கொண்டிருக்கலாம். இத்தகைய பொருளை விற்பவருக்கு நட்டமே வராது.

இச்சந்தை பெருகியதற்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் 'மகளிர் நல முன்னெடுப்பு' ஆய்வில் 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற கூட்டு ஹார்மோன் பிரிவு 2002-இல் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாத ஆபத்துகள் அதில் கூடியிருந்தன. உலகெங்கும் பெண்கள் அச்சத்தில் ஹார்மோன் மருந்தைக் கைவிட்டனர். அறுபது வயதுக்கு உட்பட்டோருக்கும், மாதவிடாய் நின்று பத்து ஆண்டுகள் ஆகாதோருக்கும் கணக்கு வேறு என்பது பின்னர் தெளிவானது. அதற்குள் அந்த வெற்றிடத்தில் 'இயற்கை' குடியேறிவிட்டது.

வட அமெரிக்க மாதவிடாய் நிறுத்தச் சங்கம் 2023-இல் ஹார்மோன் அல்லாத வழிகளைச் சீர்தூக்கிப் பார்த்தது. அனல் அலைகளைக் குறைப்பதற்கு என்ற அளவில் சோயா, மூலிகைக் கூட்டுகள், யோகா ஆகியவற்றை அது பரிந்துரைக்கவில்லை. உடல் எடைக் குறைப்புக்கும் அறிதல்-நடத்தைச் சிகிச்சைக்கும் சான்று உண்டு என்றது. யோகாவும் நடையும் வீண் என்று இதற்குப் பொருளில்லை. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது எலும்பு வேகமாகத் தேய்கிறது; இதய நோய் ஆபத்தும் கூடுகிறது. அங்கேதான் தினசரி நடையும், 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் கொண்ட கேழ்வரகும் உதவுகின்றன. கேழ்வரகுக்கு விளம்பரம் தேவையில்லை. எவரும் அதைப் புட்டியில் அடைத்து ஆயிரம் ரூபாய்க்கு விற்காதவரை.

இது வாங்கும் சக்தி உள்ளவர்களின் கதை. என் இல்லத்தில் பல ஆண்டுகள் சமையலுக்கு உதவிய பெண்மணியின் கதை வேறு. முப்பத்தெட்டு வயதில் அதிக உதிரப்போக்கு என்று தனியார் மருத்துவமனை ஒன்றுக்குப் போனார். கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள், சினைப்பைகளும் சேர்த்து எடுக்கப்பட்டது பின்னர் வேறொரு மருத்துவர் காகிதங்களைப் படித்தபோதுதான் அவருக்கே தெரிந்தது. "இனிமே தொல்லையே இல்லன்னாங்க டீச்சரம்மா, தூக்கமும் இல்லாமப் போச்சு" என்றார். இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் சராசரியாக 46, 47 வயதில் நிற்கிறது. சினைப்பைகளை இழந்தவருக்கோ அது ஒரே நாளில் நேர்கிறது. இத்தகையோருக்கு, தடையான நோய் ஏதும் இல்லையென்றால், இயல்பாக நிற்கும் வயதுவரை ஹார்மோன் சிகிச்சை தரவேண்டும் என்பதே மருத்துவ வழிகாட்டல். அவருக்கு எவரும் அதைச் சொல்லவில்லை. 'இந்த வயதில் இதெல்லாம் இயற்கை' என்ற பதில் மட்டும் கிடைத்தது. அதே சொல், விலையின்றி.

மகாராஷ்டிர மாநிலம் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் பெருமளவில் கர்ப்பப்பையை இழந்த செய்தி 2019-இல் நாட்டையே உலுக்கியது. தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்கும் மத்திய அரசின் வழிகாட்டுதல்களை மூன்று மாதங்களுக்குள் நடைமுறைப்படுத்துமாறு உச்சநீதிமன்றம் 2023-இல் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. ஆனால், ஊக்கத்தொகை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமே சேவையும் பாயும் என்பது எங்கள் துறையின் பால பாடம். காப்பீடு அறுவை சிகிச்சைக்குப் பணம் தருகிறது. ஒரு பெண்ணுடன் அமர்ந்து பதினைந்து நிமிடம் பேசும் மருத்துவருக்குத் தருவதில்லை.

தமிழகத்தில் இதற்குப் புதிய துறை எதுவும் வேண்டியதில்லை. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் மகளிர் தன்னார்வலர்கள் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஏற்கெனவே வீட்டு வாசலுக்கு வருகிறார்கள். மாதவிடாய் எப்போது நின்றது, தானாக நின்றதா அறுவை சிகிச்சையாலா, இரவில் உறக்கம் வருகிறதா என்று அவர்கள் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். நின்று ஓராண்டுக்குப் பின் மீண்டும் உதிரம் பட்டதா என்ற கேள்வி மட்டும் கட்டாயம் வேண்டும். 'ஆம்' என்பவரை அந்த வாரமே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்; கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் அது இருக்கக்கூடும்.