வசைச் சொல்லும் கூலிக் கணக்கும்

ஓர் இனத்தை இன்னோர் இனம் இழித்துப் பேசுவது நம் நாட்டுப் பொதுவாழ்வில் வாடிக்கையாகிவிட்டது. மேடையில் ஒருவர் பேசுகிறார், நம்மவர் கொதிக்கிறார்கள், கண்டனத் தீர்மானங்கள் பறக்கின்றன. பேசியவர் வருத்தம் தெரிவிக்கிறார். சில வாரம் கழித்து வேறொருவர் பேசுகிறார். கொதிப்பது தவறன்று, மானமுள்ளவன் கொதிக்கத்தான் செய்வான். ஆனால் தொழிலாளி அதோடு நின்றுவிடலாகாது. இந்த வசையால் இலாபம் அடைகிறவன் யார் என்றும் கேட்க வேண்டும்.

நம்மை அதிகம் சுடும் சொல் 'கெலிங்'. ஆயினும் ஜார்ஜ் டவுன் நடுவே, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த பள்ளிவாசலுக்குக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் என்றே பெயர். தென்னிந்திய முஸ்லிம்களின் தலைவருக்கு வழங்கப்பட்ட பட்டம் அது. கலிங்க நாட்டின் பெயரிலிருந்து அச்சொல் பிறந்தது என்பர். பழைய மலாய் நூல்களில் அது ஒரு தேசத்தின் பெயர். அதில் இழிவு இல்லை.

பின்னர் அது எப்படி வசையாயிற்று? வணிகன் வந்த அதே கடல் வழியே கூலி வந்தான். ரோடு போட்டான், தண்டவாளம் போட்டான், காடழித்து ரப்பர் நட்டான். அவன் உழைப்புக்கு விலை மலிவு. ஆகவே அவன் பெயருக்கும் மதிப்பு மலிவாயிற்று. கூலி தாழ்ந்தவனின் பெயரே வசையாகிறது என்பது நம் கருத்து. உலகெங்கும் இதுதான் கதை.

வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் இந்தக் கணக்கை நன்றாக அறிந்திருந்தார்கள். தமிழனுக்கு ஒரு கூலி, சீனனுக்கு வேறொரு கூலி என்று வைத்தார்கள். அதே மரம், அதே கத்தி, மங்கில் வடிவதும் அதே பால். சம்பளத்தில் மட்டும் வேற்றுமை. சீனத் தொழிலாளி குத்தகைக்காரர் மூலம் பேரம் பேசினான். தமிழனோ கங்காணியின் கீழ் லயத்தில் முடங்கிக் கிடந்தான். ஒருவரையொருவர் ஐயத்தோடு பார்க்கும்வரை இருவருக்கும் கூலியை உயர்த்த வேண்டியதில்லை என்று துரைமார் நிம்மதியாக இருந்தார்கள்.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் இந்த நிம்மதியைக் குலைத்தார்கள். ஆர். எச். நாதன் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் வைத்த கோரிக்கைகளை நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்ய வேண்டும். சீனருக்குச் சமமான சம்பளம், கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்துதல், பிள்ளைகளுக்குக் கல்வி. இவற்றோடு இன்னொன்று: துரையும் மேல் அலுவலரும் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க முடியாது! கூலியும் மானமும் ஒரே மனுவில் இருந்தன. அந்த மேல் அலுவலர்களில் ஆசியரும் உண்டு என்பதைக் கிராணிமார் மறக்கலாகாது. சர்க்காரின் பதில் துருப்புகளும் துப்பாக்கியும். உயிர்கள் பலியாயின, நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். ஆனாலும் அந்தக் கோரிக்கை சாகவில்லை.

நம் பினாங்கு கற்ற பாடம் 1967இல். அவ்வாண்டு நவம்பரில் பிரிட்டன் தன் பவுனின் மதிப்பைக் குறைத்தது. பழைய நோட்டு ஒரு வெள்ளி, 85 காசு ஆயிற்று. பெட்டியிலும் தலையணைக்கடியிலும் பழைய நோட்டைச் சேர்த்து வைத்திருந்த ஏழைக்கே பெரிய அடி. மலாய்க்காரர், சீனர், இந்தியர் அனைவருக்கும் வெள்ளிக்கு 15 காசு நட்டம். தொழிற்கட்சி நவம்பர் 24ஆம் தேதி கடையடைப்புக்கு அழைத்தது. காசுக்காகத் தொடங்கிய போராட்டம் இனக்கலவரமாக மாறியது, ஊரடங்கு போடப்பட்டது, உயிர்கள் போயின. பள்ளிவாசல், மாரியம்மன் கோயில், சீனர் கோயில், தேவாலயம் நான்கும் கூப்பிடு தூரத்தில் நிற்கும் ஊரில் இது நடந்தது! போன 15 காசைக் கேட்க வேண்டிய கை அடுத்த வீட்டுக்காரன் மேல் ஓங்கியது. நட்டத்தை உண்டாக்கியவன் லண்டனில் சுகமாக இருந்தான்.

இனி நம் வீட்டுக் கதவையும் திறந்து பார்ப்போம். 'இன்டர்லோக்' என்ற மலாய் நாவல் ஐந்தாம் படிவப் பாடமாக வந்தபோது, அதில் நம்மைச் சாதிப் பெயரால் குறித்த சொல்லை எதிர்த்தோம். 2011இல் அந்நூலைப் பாடத்திலிருந்து நீக்கச் சர்க்கார் முடிவு செய்தது. நல்லது. ஆனால் பெண் கொடுக்கும்போதும், கோயிலில் முதல் மரியாதை கேட்கும்போதும் அதே சொல் நம் நாவிலேயே புரளுமானால், பிறரைக் கேட்க நமக்கு என்ன முகம் இருக்கிறது?

இன்னொன்று. இன்று பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. நம்மவர் இருந்த லயங்களில் வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் இருக்கிறார்கள். அவர்களை 'வங்காளி' என்று ஏளனமாக அழைப்பதும், 'நம் சோற்றைப் பிடுங்க வந்தவன்' என்பதும் நம் காதில் விழாமலில்லை. நம் பாட்டன்மார் எப்படி வந்தார்கள்? 1968இல் வேலை அனுமதிச் சட்டம் வந்து, 1969க்குப் பின் அது இறுக்கப்பட்டபோது, சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த தமிழர்கள் தலைமுறையாக வேலை செய்த தோட்டத்தில் அனுமதிச் சீட்டுக்காக நின்றார்கள். ஆயிரக்கணக்கானோர் கப்பலேறினார்கள். அன்று நம்மவர் கையில் நடுங்கிய அதே சீட்டு இன்று அந்த வங்காளதேச இளைஞனின் சட்டைப் பையில் இருக்கிறது. அவன் வாய் திறக்க அஞ்சும்வரை அவன் கூலி உயராது. அவன் கூலி உயராதவரை நம் கூலியும் உயராது.

சட்டம் ஓரளவு துணை நிற்கிறது. அரசமைப்பின் 8ஆவது விதி, இனத்தாலும் சமயத்தாலும் குடிமக்களிடையே பாகுபாடு கூடாதென்கிறது. அதிலேயே விலக்குகளும் உண்டு. 2023 ஜனவரி முதல், வேலையில் பாகுபாடு காட்டினால் தொழிலாளர் இலாகாவிடம் முறையிட வேலைச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் பாகுபாடு எது என்று அது விளக்கவில்லை. 2025இல் 1,700 வெள்ளியாக உயர்ந்த குறைந்தபட்சச் சம்பளம் தோட்டத்தில் உள்நாட்டாருக்கும் அயலாருக்கும் ஒன்றே. சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. அதைப் பிரட்டுக்களம் வரை கொண்டுவருவது சங்கத்தின் வேலை.

ஆகவே தோழர்களே! இழிசொல் கேட்டால் நாளையும் இடத்தையும் சாட்சியையும் எழுதிக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். கைகலப்பு வேண்டாம், முதலாளிக்கு அது நல்ல சாக்கு. கிராணிமாரே, அடுத்த நிரையில் வேலை செய்யும் அயலானின் சம்பளச் சீட்டை அவனுக்குப் படித்துக் காட்டுங்கள். பிடித்தம் சரியா என்று பாருங்கள். அவனைச் சங்கக் கூட்டத்துக்கு அழைத்து வாருங்கள். பெற்றோரே, பிள்ளைகள் முன்னால் எந்த இனத்தையும் பழிக்காதீர்கள்.

நம்மை இழித்துப் பேசுகிறவனைத் தட்டிக் கேட்போம். அதே மூச்சில், நமக்குக் கீழே ஒருவனை நிறுத்தி அவனை இழிப்பதில்லை என்றும் உறுதி எடுப்போம். மலிவான மனிதன் என்று தோட்டத்தில் ஒருவன் கூட இல்லாத நாளில், மலிவான சொல்லுக்கும் அங்கே வேலை இராது.