மருந்தாளர் தேர்வும் மக்கள் மொழியும்

நோயுற்றோர் வைத்தியரிடம் விடைபெற்ற பின்னர், மருந்தை வாயிலிடுமுன், இறுதியாக உரையாடுவது மருந்தாளருடனேயாம். அவ்வுரையாடல் பெரும்பாலும் இரண்டொரு நிமிடத்துக்கு மேற்படுவதில்லை. ஆயினும், வைத்தியர் எழுதியது பயன்படுவதும் பாழாவதும் பல வேளைகளில் அந்த இரண்டொரு நிமிடத்தையே பொறுத்துள்ளன. ஆகவே, இத்தொழிலுக்கு ஆயத்தஞ் செய்யப்படும் மாணவரின் அறிவு எவ்வாறு சோதிக்கப்படுகின்றது என்பது பல்கலைக்கழகத்தார்க்கு மட்டும் உரிய விடயமன்று. மருந்து வாங்கும் எல்லோர்க்கும் உரியதாகும்.

மருந்தின் பெயரைத் தந்து நோயைக் கேட்டலும், நோயின் பெயரைத் தந்து மருந்தைக் கேட்டலும் இத்துறைத் தேர்வுகளில் எளிதாக வைக்கத்தக்க வினாக்கள். திருத்துவோர்க்கும் அவை எளியன. பெயரறிவு வேண்டாமென்று யாம் கூறவில்லை. ஒரே மருந்து பல வணிகப் பெயர்களோடு கடைக்கு வருங்காலத்தில் அவ்வறிவு இன்றியமையாதது. மருந்துகளை அவற்றின் பொதுப்பெயராலேயே வழங்குதல் வேண்டுமென்று பேராசிரியர் சேனக பிபிலே வாதாடியதும், 1971இல் நிறுவப்பெற்ற அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதற் தலைவராயிருந்து அதற்காக உழைத்ததும் இது பற்றியே. பனடோலும் பரசிற்றமோலும் ஒன்றே என்று அறியாத ஒருவர், இரண்டையும் வெவ்வேறு மருந்தெனக் கொண்டு உட்கொள்வாராயின், வளர்ந்தோர்க்கு ஒரு நாளைக்கு உரிய உச்ச அளவாகிய 4 கிராமை, அதாவது 500 மில்லிகிராம் குளிசைகள் எட்டினை, எளிதிற் கடந்துவிடுவார். அதனால் ஈரலுக்கு நேருங் கேடு சிறிதன்று.

ஆனால் எமது வினா வேறு. பெயரையும் அளவையும் பிழையற எழுதிய மாணவர், இவ்விபத்தைக் கடைவாயிலிற் கண்டுகொள்வாரா? 'வீட்டில் வேறு என்ன குளிசை போடுகிறீர்கள், ஐயா?' என்று அவர் கேட்பாரா? கேட்கத் தெரிந்ததா என்பதை எந்த எழுத்து வினாத்தாள் காட்டும்?

எடுத்துக்காட்டாக, மாரிமழைக்குப் பின் வரும் காய்ச்சலைக் கொள்வோம். 2017இல் இந்நாட்டில் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்கு நோய்க்கு ஆளானதாகப் பதியப்பட்டது. டெங்குவென ஐயுறத்தக்க காய்ச்சலில் அஸ்பிரின், இபுபுரோபென், டைக்குளோபினாக் ஆகியன ஆகா. அவை குருதிப்பெருக்கு அபாயத்தைக் கூட்டுவன. இதனை எந்த மாணவரும் எழுதிவிடுவார். கடைவாயிலில் வருபவரோ, 'டெங்கு' என்று சொல்லி வருவதில்லை. 'உடம்பெல்லாம் உளைவு, கண்ணுக்குப் பின்னாலை குத்து, நல்ல நோக்குளிசையாப் பாத்துத் தாங்கோ' என்பார். அவர் விரும்பிக் கேட்பது எது ஆகாதோ அதுவேயாம். அதனைப் பணிவோடு மறுத்து, பரசிற்றமோலை மட்டும் கொடுத்து, காய்ச்சல் தணியும் நாளிலேதான் ஆபத்து மிகுதி என்பதையும் உணர்த்தி, குருதிப் பரிசோதனைக்கு அனுப்புபவரே அந்நோயை அறிந்தவர்.

இன்னொன்று. குருதி அமுக்கத்துக்காக எனலப்பிரில் உட்கொள்ளும் ஒருவர், வறட்டிருமல் என்று பாணி மருந்து கேட்டு வருகின்றார். இருமல் அக்குளிசையினாலேயே வந்திருத்தல் கூடும். பாணியை விற்பது வணிகம். முன்னைய மருந்தை விசாரித்து, அதைத் தாமாக நிறுத்திவிடாமல் வைத்தியரைக் காணும்படி சொல்வது தொழில். வயிற்றோட்டத்துக்கு வழங்கும் உப்புக் கரைசலும் இவ்வாறே. ஒரு லீற்றரில் 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோசும் உண்டென மாணவர் ஒப்புவிப்பார். பொட்டலத்தைப் பகுதி பகுதியாகக் குவளை நீரிற் கரைக்கக் கருதும் தாயாரிடம், 'வீட்டிலுள்ள போத்தல் எவ்வளவு பிடிக்கும், அம்மா?' என்று கேட்பவரே அக்கணக்கின் பயனை அறிந்தவராவார்.

நம் சமயாசாரத்தைச் சார்ந்த வினாவும் உண்டு. நீரிழிவுக்குக் கிளிபென்கிளமைட் உட்கொள்ளும் அம்மையார் ஒருவர் கந்தசஷ்டி ஆறு நாளும் உபவாசமிருக்க எண்ணுகின்றார். உணவின்றி அக்குளிசையை விழுங்கினாற் குருதியிற் சர்க்கரை பெரிதுங் குறைந்து, வியர்வையும் நடுக்கமும் மயக்கமும் நேரலாம். மெற்போமின் மட்டுமாயின் அவ்வச்சம் குறைவு. 'விரதத்தை விடுங்கள்' என்று அதட்டும் மருந்தாளரிடம் அவ்வம்மையார் மறுமுறை உண்மை சொல்லமாட்டார். விரதத்துக்கு முன்னரே வைத்தியரிடம் சென்று அளவை மாற்றுவிக்கச் சொல்லத் தெரிதல் வேண்டும். இவ்வாறான வினா தேர்விலே வருதல் வேண்டுமென்பது எம் துணிபு.

இவையெல்லாம் தமிழில் நிகழ்வன என்பதைக் கவனிக்க. படிப்பு ஆங்கிலத்தில், மருந்துறையின் எழுத்து ஆங்கிலத்தில், வைத்தியரின் சீட்டிலோ 'பி.டி.', 'ரி.டி.எஸ்.' என இலத்தீன் சுருக்கம். இவற்றையெல்லாம் கடந்து நோயாளியின் காதில் விழவேண்டிய சொல்லைப் பற்றி எவருந் தேர்வு வைப்பதைக் காண்பதரிது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அதற்கென நூல்களையுந் தமிழாக்குவித்தார். அவர் செய்ததைப்போல முழுப்படிப்பையும் தமிழாக்குக என்று இன்று கேட்பது நடைமுறைக்கு ஒவ்வாது. கடைவாயில் உரையாடலையேனும் தமிழிலும் சிங்களத்திலுஞ் சோதிக்கலாமன்றோ?

வாய்மொழித் தேர்வில் முகங்கண்டு புள்ளியிடுவர் என்று சிலர் தடை கூறுவர். அத்தடைக்கு விடை எப்போதோ கிடைத்துவிட்டது. 1975இல் ஸ்கொத்லாந்தின் டண்டியில் றொனால்ட் ஹார்டனும் அவருடன் உழைத்தோரும் வைத்திய மாணவர்க்கு ஒரு முறையை வகுத்து வெளியிட்டனர். மாணவர் பல நிலையங்களூடாகச் சுற்றிவருவர். ஒவ்வொன்றிலுஞ் சில நிமிடமே. எல்லோர்க்கும் அதே நோயாளி, அதே வினா. செய்ததும் செய்யாததும் முன்னரே அச்சிட்ட பட்டியலிற் குறிக்கப்படும். கனடாவில் மருந்தாளர்க்குரிய தேசியத் தேர்விலும் இம்முறை இடம்பெற்றுள்ளது. செலவு கூடும் என்பது மெய்யே. இடமும் ஆளும் நேரமும் வேண்டும். ஆனால் நூறு வினாவுக்குச் சரிக்குறி இட்டவரை வெள்ளை மேலங்கியோடு நேரே மக்கள் முன் நிறுத்துவதும் செலவில்லாத செயலன்று. அச்செலவை நோயாளி கட்டுகின்றார்.

நோயாளியாக நடிப்பதற்கு ஆள் எங்கே என்று பல்கலைக்கழகத்தார் வினவுவாராயின், எமது பழைய மாணவருள் ஓய்வுபெற்று வீட்டிலிருப்போர் பலர் முன்வரலாம். நீரிழிவும் குருதி அமுக்கமும் அவர்களுட் பலர்க்கு ஏற்கெனவே உண்டு. கேட்ட கேள்விக்கு நேரே விடை சொல்லாமற் கதையை வளர்க்கும் ஆற்றலிலும் அவர்கள் எவர்க்கும் இளைத்தவரல்லர்.