முதல் நெடும்பயணம்: முந்தவா, முடிக்கவா?

பதினோராம் வகுப்பில் அரசு வழங்கிய சைக்கிள் உங்களில் பலரிடம் இருக்கும். வீட்டிலிருந்து பள்ளிக்கும் பள்ளியிலிருந்து வீட்டுக்கும் போய்வருவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. ஆலங்குளத்திலிருந்து பாவூர்சத்திரம், தென்காசி வழியாகக் குற்றாலம் ஏறத்தாழ 30 கி.மீ. போய்வர 60 கி.மீ. பள்ளியே ஏற்பாடு செய்து, ஆசிரியர்களும் உடன்வந்தால், அதே சைக்கிளில் நீங்கள் போய்வர முடியுமா? முடியும் என்பதே என் கருத்து. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அது பந்தயமாக இருக்கக்கூடாது.

"முதல் பரிசு இல்லையென்றால் யார் வருவார்கள்?" என்று கேட்கலாம். உலகப் புகழ் பெற்ற ஒரு பயணமே இதற்குப் பதில் சொல்கிறது. பாரிஸ் நகரிலிருந்து கடற்கரை நகரான பிரெஸ்ட் வரை சென்று திரும்பும் ஏறத்தாழ 1200 கி.மீ. சைக்கிள் பயணம் 1891ஆம் ஆண்டு பந்தயமாகத்தான் தொடங்கியது. இன்று அது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, முதலிடம் இரண்டாமிடம் என்ற வரிசையே இல்லாமல் நடக்கிறது. 90 மணி நேரக் கெடுவுக்குள் முடித்தவர் எல்லோரும் வெற்றி பெற்றவரே. 2023இல் நடந்தபோது பல நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கலந்துகொண்டனர். இதற்குத் தகுதி பெறுவதற்கான 200 கி.மீ. பயணங்கள் சென்னை, கோயம்புத்தூர் போன்ற நம் நகரங்களிலும் நடக்கின்றன. அவற்றின் கெடு பதின்மூன்றரை மணி நேரம். அதாவது, ஓய்வு நேரத்தையும் சேர்த்து, மணிக்குச் சராசரி 15 கி.மீ. வேகம் இருந்தால் போதும்.

பந்தயம் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இயற்பியலே காரணம். சமதரையில் சைக்கிள் ஓட்டும்போது நம்மைத் தடுப்பவை முக்கியமாக இரண்டு. ஒன்று, டயர் உருளும்போது ஏற்படும் தடை. மற்றொன்று காற்றுத்தடை. முதலாவது வேகத்தைப் பொறுத்து அதிகம் மாறுவதில்லை. காற்றுத்தடையோ வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். சாதாரண சைக்கிளில் நிமிர்ந்து உட்கார்ந்து மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் செல்ல ஏறத்தாழ 50 வாட் திறன் தேவை. 25 கி.மீ. வேகத்துக்கோ ஏறத்தாழ 150 வாட்! வேகம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை. உழைப்பு மூன்று மடங்காகிவிட்டது. பரிசை நினைத்து முதல் பத்துக் கிலோமீட்டரில் விரையும் மாணவன் தென்காசியை எட்டும் முன்பே சோர்ந்துபோவது இதனால்தான்.

நம் ஊரில் இன்னொரு விஷயமும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து பலத்த காற்று வீசுகிறது. இப்பகுதியில் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். சாரல் காலத்தில் குற்றாலம் போனால் இது எதிர்க்காற்று. காற்றின் வேகம் மணிக்கு 15 கி.மீ., உங்கள் வேகம் 10 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அப்போது உங்கள் மேல் மோதும் காற்றின் வேகம் 25 கி.மீ. ஆகிறது. 10 கி.மீ. வேகத்துக்கே ஏறத்தாழ 60 வாட் வேண்டும். திரும்பும்போது அதே காற்று முதுகில் தள்ளும், 20 கி.மீ. வேகம் எளிதாகக் கிடைக்கும்.

இப்போது ஒரு கணக்கு. போகும்போது வேகம் 10, வரும்போது 20. சராசரி என்ன? 15 என்று அவசரப்படாதீர்கள்! போக 3 மணி, வர ஒன்றரை மணி. ஆக 60 கி.மீ. தூரத்துக்கு நாலரை மணி. சராசரி 13.3 கி.மீ.தான். எதிர்க்காற்று பறித்த நேரத்தைப் பின்காற்று முழுவதும் திருப்பித் தருவதில்லை. ஓய்வுக்கு ஒன்றரை மணி சேர்த்து 6 மணி நேரம் என்று கெடு வைத்தால், காலை 6 மணிக்குப் புறப்பட்டவர்கள் நண்பகலில் வீடு திரும்பலாம். (அருவியில் குளிக்கும் நேரம் தனி!)

ஆலங்குளத்து மாணவர்களுக்கு ஒரு வசதி உண்டு. உடல் தெம்பாக இருக்கும் காலையில் எதிர்க்காற்று; களைத்த பின் பின்காற்று. குற்றாலத்திலிருந்து ஆலங்குளம் வரும் மாணவர்களுக்கு நிலைமை நேர்மாறு. போகும்போது கிடைக்கும் வேகத்தைத் தம் பலம் என்று நம்பினால் திரும்பும்போது திணற வேண்டியதுதான்.

சரி, தயாரிப்பு எப்படி? ஆறு வாரம் போதும். முதல் வார விடுமுறையில் 10 கி.மீ., பிறகு 15, 20, 30, 40 என்று வாரத்துக்கு ஒருமுறை தூரத்தைக் கூட்டுங்கள். கடைசி வாரம் குறைத்து ஓய்வெடுங்கள். ஓட்டும்போது பக்கத்தில் வருபவருடன் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று பொருள். குதிகாலைப் பெடலில் வைத்து அதை அடிவரை இறக்கும்போது கால் நேராக நீளும் அளவுக்கு இருக்கையை உயர்த்துங்கள். டயரில் காற்றுக் குறைந்தால் உருளும் தடை கூடும். காற்று, பிரேக், செயின் எண்ணெய் மூன்றையும் முதல்நாளே பாருங்கள்.

உணவிலிருந்து கிடைக்கும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் பெடலுக்குப் போகிறது, மீதி வெப்பமாகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்றவே வியர்வை. எனவே தாகம் எடுக்கும் வரை காத்திராமல் அவ்வப்போது கொஞ்சம் குடியுங்கள். வியர்வையோடு உப்பும் போவதால் உப்பிட்ட மோரும் எலுமிச்சைச் சாறும் நல்லவை. மணிக்கு இரண்டு வாழைப்பழம், அல்லது ஒரு வாழைப்பழமும் கொஞ்சம் கடலைமிட்டாயும் போதும்.

ஏற்பாடு செய்யும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். திருநெல்வேலி–தென்காசிச் சாலையில் லாரிகளும் பேருந்துகளும் விரைகின்றன. பத்துப் பேருக்கு ஓர் ஆசிரியர், எல்லோருக்கும் தலைக்கவசம், இடப்பக்கம் ஒற்றை வரிசை, பாவூர்சத்திரத்திலும் தென்காசியிலும் வருகைப் பதிவு, கடைசி மாணவருக்கும் பின்னால் பம்பும் பஞ்சர் ஒட்டும் சாமான்களும் கொண்ட ஒருவர் என எல்லாம் வேண்டும். கெடுவுக்குள் வந்த அனைவருக்கும் ஒரே மாதிரிச் சான்றிதழ் கொடுங்கள். விளையாட்டு விழாவில் ஒருமுறைகூடப் பெயர் அழைக்கப்படாத மாணவியும் மாணவனும் அன்று பெயர் சொல்லி அழைக்கப்படுவார்கள். அதற்காகவே இதை நடத்த வேண்டும் என்கிறேன்.

நண்பர்களே, இந்த ஞாயிறு வண்டிப் போக்குவரத்து இல்லாத ஒரு சமமான பாதையில் 1 கி.மீ. தூரத்தைக் காற்றுக்கு எதிராகவும் காற்றோடும் ஓட்டி நேரத்தைக் குறியுங்கள். அந்த இரண்டு எண்களைக் கொண்டு உங்கள் 60 கி.மீ. பயணத்துக்கு எவ்வளவு நேரமாகும் என்று கணக்கிட்டு, அந்தத் தாளோடு தலைமை ஆசிரியரைப் போய்ப் பாருங்கள்.