நகரத் திட்டத்தைத் தமிழிலும் பேச வேண்டும்

கோலாலம்பூர் டத்தோ பண்டாரை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பதில்லை, அரசாங்கமே நியமிக்கிறது. ஆகவே, நகர வளர்ச்சி குறித்துப் பல்கலைக்கழகங்கள் நடத்தும் பொதுக் கலந்துரையாடல்கள், குடியிருப்பாளர்கள் வாய் திறக்கக் கிடைக்கும் சில இடங்களுள் ஒன்று. ஆனால் அவை பெரும்பாலும் ஆங்கிலத்திலோ மலாயிலோதான் நடக்கின்றன.

இதன் விளைவு என்ன? புக்கிட் கியாரா தோட்டப் பாட்டாளிகள் 1980-களில் தற்காலிக நீண்ட வீடுகளுக்கு மாற்றப்பட்டனர். அவர்களுக்கான நிரந்தர வீடுகளையும் ஆடம்பர அடுக்குமாடிகளையும் ஒன்றாக இணைத்த தாமான் ரிம்பா கியாரா திட்டத்தின் அனுமதியை, 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் ரத்து செய்தது. பூங்கா தப்பியது, தோட்ட மக்களின் காத்திருப்பு நீண்டது. பூங்கா கேட்டவர்களும் வீடு கேட்டவர்களும் முதலிலேயே ஒன்றாக அமர்ந்து பேசியிருந்தால், வேறு வழி தென்பட்டிருக்கலாம்.

எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று வரையறுக்கும் கோலாலம்பூர் உள்ளூர் திட்டம் 2040, கடந்த 2025-இல் அமலுக்கு வந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் நகரத் திட்டமிடல் கற்பிக்கும் புலமும் உண்டு, இந்திய ஆய்வியல் துறையும் உண்டு. இரண்டும் கைகோத்து, ஞாயிறு மாலையில் ஒரு கோயில் மண்டபத்தில் இத்திட்டத்தைத் தமிழில் விளக்கலாம். தங்கள் வீடு வரைபடத்தில் எந்த நிறத்தில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் மக்கள் ஆட்சேபம் சொல்ல முடியும்.