காயிலைக் குற்றம் சாட்டும் முன்

பழைய படகு இயந்திரம் ஒன்று எத்தனை முறை கயிற்றை இழுத்தாலும் கிளம்பவில்லை என்றால், சுற்றி நிற்பவர்கள் உடனே ஒரு தீர்ப்பு சொல்வார்கள்: "காயில் போயிருக்கும், மாத்திடு." பல நேரங்களில் அது சரியாகவும் அமைந்துவிடுகிறது. சிக்கலே அங்குதான். சோதித்துப் பார்க்காமல் சொன்ன விடை சரியாகிவிட்டால், சோதனையே தேவையில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். கடந்த ஆண்டுகளின் கேள்வித்தாள்களை மனப்பாடம் செய்து தேறுவதும் ஏறக்குறைய இதே கதைதான்.

என் மாமா பழைய இயந்திரங்களைச் சேர்ப்பவர். 1950களில் அமெரிக்காவில் தயாரான 10 குதிரைசக்தி ஜான்சன் சீஹார்ஸ் ஒன்று அவரிடம் இருக்கிறது. படகின் பின்பலகையில் மாட்டி ஓட்டும் இவ்வகை 'அவுட்போர்டு' இயந்திரங்களுக்குச் சந்தையில் இடம்பிடித்துக் கொடுத்தவர்களுள் முக்கியமானவர் ஓலே எவின்ரூட். நார்வேயில் பிறந்து, அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் தொழில் செய்தவர். 1909-இல் தம் இயந்திரத்தை விற்கத் தொடங்கினார். எவின்ரூட், ஜான்சன் இரண்டும் பின்னாளில் ஒரே குழுமத்தின்கீழ் வந்தன. அக்குழுமம் 2000-இல் நொடித்துப்போனது. எவின்ரூட் இயந்திரங்களின் தயாரிப்பும் 2020-இல் நின்றுவிட்டது. ஆனால், 1950களின் ஜான்சனுக்குப் பொருந்தும் புதிய காயில் இன்றும் விற்பனையில் கிடைக்கிறது. நான்கு வருடக் கைப்பேசிக்குப் பேட்டரி தேடி அலையும் நமக்கு இது வியப்புதான்.

இந்த இயந்திரத்துக்கு வெளியிலிருந்து மின்கலம் தேவையில்லை. ஃபிளைவீலுக்குள் காந்தம் இருக்கிறது. கயிற்றை இழுக்கும்போது அது காயிலைக் கடந்து சுழல்கிறது. காயிலில் ஓர் இரும்பு உள்ளகத்தின்மேல் தடித்த கம்பி சில நூறு சுற்றுகளும், முடியைவிட மெல்லிய கம்பி பல ஆயிரம் சுற்றுகளும் சுற்றப்பட்டிருக்கும். படிவம் 5 இயற்பியலில் நாம் வரைந்த மின்மாற்றியேதான்! ஆனால் பாடநூல் படத்தில் இல்லாத ஒன்று இதில் உண்டு: 'பாயிண்ட்' எனப்படும் சின்னஞ்சிறு சுவிட்ச். அது மூடியிருக்கும்போது தடித்த கம்பியில் மின்னோட்டம் ஓடும். சரியான கணத்தில் அது திறந்து மின்னோட்டத்தைச் சட்டென்று அறுக்கும். காந்தப்புலம் மாறும் வேகத்தைப் பொறுத்தே மின்னழுத்தம் அமையும் என்று ஃபாரடே விதி சொல்கிறதல்லவா? அந்தத் திடீர் அறுப்புதான் மெல்லிய கம்பியில் ஆயிரக்கணக்கான வோல்ட்டை எழுப்புகிறது. பக்கத்தில் இருக்கும் கண்டென்சர், பாயிண்டின் வாயில் பொறி பறந்து அது கருகாமல் காக்கிறது. எஸ்.பி.எம். தேர்வில் இந்த விதியை எழுதி முழு மதிப்பெண் வாங்கிய எத்தனை பேருக்கு, 0.5 மில்லிமீட்டர் இடைவெளியில் திறந்து மூடும் ஓர் உலோகத் துண்டில் அது வேலை செய்வது தெரியும்?

மாமாவின் இயந்திரத்தில் இரண்டு சிலிண்டர்கள். மெதுவாக ஓடும்போது இரண்டும் ஒழுங்காகவே வெடித்தன. வேகத்தைக் கூட்டினால் கீழ்ச்சிலிண்டர் படுத்துவிடும். ஃபிளைவீலைக் கழற்றினால், இரண்டு காயில்களின் மேலுறையிலும் வெடிப்பு. அந்தக் காலத்துக் காயில்களுக்கு இது வழக்கமான நோய். வெடிப்பு வழியாக ஈரம் உள்ளே போய், மின்சாரம் வெளியே கசியும். பார்த்ததும் யாரும் காயிலைத்தான் பழிப்பார்கள். மாமா மட்டும், "புதுசு வாங்குறது அப்புறம். தப்பு பண்ணது இதுதானான்னு முதல்ல பாருடா" என்றார்.

இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனிக் காயில், தனித்தனிப் பாயிண்ட், தனித்தனிக் கண்டென்சர். இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் கிடைக்காது. மேல்காயிலைக் கீழும் கீழ்க்காயிலை மேலும் மாற்றி மாட்டினோம். மற்ற எதையும் தொடவில்லை. மாறி, மாறிலி என்று ஆய்வறிக்கையில் எழுதுவோமே, அதுதான். கோளாறு காயிலோடு மேலே போயிருந்தால் காயில் குற்றவாளி. போகவில்லை, கீழேயே நின்றது. கண்டென்சரை மாற்றினோம், அப்போதும் கீழேதான். பாயிண்டைத் துடைத்து இடைவெளியை அளந்தோம், சரியாகவே இருந்தது. மிஞ்சியது ஸ்பார்க் பிளக்குக்குப் போகும் கம்பி. இந்த இயந்திரத்தில் வேகக் கைப்பிடியைத் திருப்பினால், காயில்கள் அமர்ந்திருக்கும் தட்டும் சேர்ந்து திரும்பும். அதோடு கம்பியும் வளையும். விளக்கை அணைத்துவிட்டு, தட்டைத் திருப்பிய நிலையில் கயிற்றை இழுத்தோம். கம்பியின் உறை தேய்ந்திருந்த இடத்திலிருந்து உலோகத்துக்கு நீலப்பொறி தாவியது. வேகம் கூட்டும்போது மட்டும் சிலிண்டர் படுத்த காரணம் அப்போதுதான் விளங்கியது. கம்பியை அப்படியே விட்டுப் புதுக் காயிலை மட்டும் மாட்டியிருந்தால், கோளாறும் அப்படியே இருந்திருக்கும்.

அதற்காகக் காயிலை விட்டுவைத்தோமா என்றால், இல்லை. இரண்டையும் மாற்றினோம். வெடித்த காயில் இன்று வேலை செய்தாலும், சூடேறியபின் நடுக்கடலில் கைவிடக்கூடியது. வெடிப்பில் பசை பூசி ஒப்பேற்றுபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அந்த மெல்லிய கம்பியை வீட்டில் மறுபடி சுற்றுவதும் வீண் வீரம். 'எதையும் பழுதுபார், எதையும் தூக்கிப்போடாதே' என்ற முழக்கம் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் எதைச் சரிசெய்வது, எதை மாற்றுவது என்று முடிவெடுக்கத் தெரிவதுதான் திறன். அதற்கு அளவுகருவி மட்டும் போதாது. மல்டிமீட்டர் கம்பி அறுந்திருப்பதைச் சொல்லும். உயர் மின்னழுத்தத்தில் கசிவதைச் சொல்லாது. பிளக்கை வெளியே கழற்றிப் பார்த்தால் பொறி அழகாகத்தான் தெரியும். சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறியபின் அதே பொறி தாவ அதிக மின்னழுத்தம் வேண்டும். அதனால்தான் அனுபவமுள்ள மெக்கானிக், வெளியே 6 மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி வைத்துப் பொறி தாவுகிறதா என்று பார்க்கிறார். அவர் இயற்பியல் தெரிந்தவரா, தெரியாதவரா?

நம் சமூகத்தில் இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் கிடைப்பதில்லை. திவேட் கல்விக்குப் போகும் அண்ணனை "மார்க் வரல, பாவம்" என்று உறவினர்கள் விசாரிப்பதைக் கேட்டிருப்பீர்கள். பொறியியல் பட்டப்படிப்பில் இருக்கும் எனக்கு அந்த விசாரிப்பு வந்ததில்லை. ஆனால், ஃபிளைவீலை எதைக் கொண்டு கழற்றுவது என்பதில் எனக்கு வழிகாட்டியது என் பட்டப்படிப்பு அல்ல. (விளிம்பில் கொக்கி போட்டு இழுத்தால் அது கோணிவிடும், நடுவிலுள்ள திருகுத் துளைகளில் பொருத்தும் புல்லர் வேண்டும்.)

ஒன்றை மறைக்கக்கூடாது. பழைய டூ-ஸ்ட்ரோக் இயந்திரங்கள் எரியாத எண்ணெயையும் புகையையும் வெளியே தள்ளுபவை. அவை கடலுக்குத் திரும்ப வேண்டும் என்று நான் வாதாடவில்லை. இன்றைய இயந்திரங்களில் பாயிண்ட் இல்லை, மின்னணுச் சாதனம்தான் இருக்கிறது என்பதும் தெரியும். ஆனால் அந்தச் சாதனம் மூடிய பெட்டி. அதைத் திறந்து கற்க முடியாது. பழையதைத் திறக்கலாம். இணைப்பான்களும் கம்பிகளும் நிறைந்த புதிய இயந்திரத்திலும், கோளாறு எதனோடு நகர்கிறது என்று பார்க்கும் முறை மாறிவிடாது.

நம் இடைநிலைப்பள்ளி அறிவியல் மன்றங்களுக்கு ஜான்சன் கிடைக்காது. அது தேவையும் இல்லை. கம்போங்கில் துருப்பிடித்துக் கிடக்கும் ஆரம்பகால ஹோண்டா சி70 கப்சாயிலும் பாயிண்ட், கண்டென்சர், காயில் மூன்றும் உண்டு. அப்படி ஒன்றை மன்ற அறைக்குக் கொண்டுவாருங்கள். பெட்ரோலை முழுதாக வடித்துவிடுங்கள், கயிறோ உதைகோலோ இயக்கும்போது வெறுங்கையால் பிளக் கம்பியைத் தொடாதீர்கள், ஆசிரியர் பக்கத்தில் இருக்கட்டும். பக்கத்துத் தாமானில் பட்டறை வைத்திருக்கும் அண்ணனை ஒரு சனிக்கிழமை அழையுங்கள். அவர் ஏதாவது ஒரு கம்பியை ரகசியமாகக் கழற்றிவிட்டு, "கண்டுபிடிங்க" என்று சொல்லட்டும்.